துயரத்தின் நடுவே ஓர் அடைக்கலம்
பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை

சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் ரயில் ராய்ச்சூர், குல்பர்கா, சோலாப்பூர், தவுண்ட் ஆகிய ஊர்களைக் கடந்து புனேயை அடைகிறது. ஊருக்குப் போய் வரும் தமிழர்களுக்குப் பழகிய பாதை இது. தவுண்டுக்கும் புனேக்கும் இடையே கேட்காவ் என்று ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. விரைவு ரயில்கள் பல அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் நிலையம் பின்னால் போய்விடும்.

இந்தப் பாதையில் உள்ள ராய்ச்சூரில் 1874-ம் ஆண்டு ஒரு தாய் பசியாலும் நோயாலும் உயிர் துறந்தார். அவருக்காக ஒரு ரொட்டித் துண்டு கேட்க அண்டை வீட்டு வாசலில் போய் நின்றாள் பதினாறு வயது மகள். வாய் திறந்து கேட்க அவளால் முடியவில்லை. அதே மகள் கால் நூற்றாண்டு கழித்து, கேட்காவில், பஞ்சத்தில் அடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சோறும் துணியும் கல்வியும் தந்தார். அவர்தான் பண்டித ரமாபாய்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அவர் கடந்து வந்த தூரம் பெரிது. பெற்றோர், தமக்கை, தமையன், கணவர், தோழி, மகள் என்று அவர் பறிகொடுத்தவர்களின் வரிசையும் நீண்டது. இத்தனைக்கும் நடுவே கிறிஸ்தவ நம்பிக்கையில் அவர் ஆறுதல் கண்டார். ஆனால் அந்த ஆறுதல் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல.

காட்டில் ஒரு பாடசாலை

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த சித்பாவன் பிராமணர். பெரிய சமஸ்கிருத அறிஞர். இளம் வயதில் அவர் புனாவில் படித்தபோது, அவருடைய குரு பேஷ்வாவின் மனைவிக்கும் சமஸ்கிருதம் கற்பித்து வந்தார். பெண் ஒருத்தி வடமொழிச் சுலோகங்களைத் தெளிவாகச் சொல்வதைக் கேட்டு வியந்த அனந்த சாஸ்திரி, தம் மனைவிக்கும் கற்பிக்க வேண்டும் என்று அன்றே உறுதி கொண்டார். முதல் மனைவியின் காலத்தில் வீட்டார் எதிர்ப்பால் அது நடக்கவில்லை.

அந்த மனைவி இறந்த பிறகு, கோதாவரிக் கரையில் பைத்தான் நகரில், யாத்திரை வந்திருந்த ஒரு பிராமணர் தம் ஒன்பது வயது மகள் லட்சுமிபாயை அவருக்கு மணம் செய்து கொடுத்தார். அப்போது சாஸ்திரிக்கு வயது நாற்பதுக்கு மேல். அந்தக் காலத்து வழக்கம் அப்படி இருந்தது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அவர் சமஸ்கிருதம் கற்பித்தது வழக்கத்தில் இல்லாத செயல். ஊரார் கொதித்தனர். உடுப்பியில் கூடிய பண்டிதர் சபை முன் நின்று, பெண்கள் கற்பதற்குச் சாஸ்திரத் தடை இல்லை என்று அவர் வாதாட வேண்டியதாயிற்று. பின்பு ஊர் வம்பே வேண்டாம் என்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டிடத்தில் குடிசை போட்டுப் பாடசாலை ஒன்றை நடத்தினார். துங்கா, பத்ரா, நேத்ராவதி நதிகள் பிறக்கும் இடம் அது. இன்று கர்நாடகத்தின் சிக்மகளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கேதான் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ரமாபாய் பிறந்தார். கிருஷ்ணாபாய் என்ற தமக்கையும் சீனிவாசன் என்ற தமையனும் அவருக்கு மூத்தவர்கள். வந்தவர்க்கெல்லாம் உணவிட்டதில் சாஸ்திரியின் செல்வம் கரைந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் காட்டை விட்டுப் புறப்பட்டது. பிரம்புக் கூடையில் வைத்து ஓர் ஆள் தலையில் சுமந்து வர, ரமாபாயின் முதல் பயணம் தொடங்கியது.

அதன் பிறகு அவர்களுக்கு நிலையான வீடு கிடையாது. கோயில் மண்டபத்திலும் ஆற்றங்கரையிலும் புராணம் படிப்பார்கள். கேட்பவர்கள் கொடுக்கும் அரிசியும் காசும்தான் வருமானம். விடியற்காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் தாய் மகளை மடியில் எழுப்பி உட்கார வைத்துச் சுலோகம் சொல்லிக் கொடுப்பார். பன்னிரண்டு வயதுக்குள் பாகவதத்தின் 18,000 சுலோகங்களும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம்.

பஞ்சம் பறித்த குடும்பம்

1870-களில் தென்னாட்டில் பஞ்சம் தலைகாட்டியது. புராணம் கேட்க ஆளில்லை. கேட்டாலும் கொடுக்கப் பொருள் இல்லை. கூலி வேலையோ வியாபாரமோ அந்தக் குடும்பத்தில் யாரும் கற்றதில்லை. பிச்சை கேட்கவும் நாணினார்கள். பாத்திரங்களை விற்றார்கள், நகைகளை விற்றார்கள், கடைசியில் விற்க ஒன்றும் இல்லை. இருந்த சிறு பொருளையும் நேர்த்திக் கடன்களுக்கும் தானங்களுக்கும் செலவிட்டார்கள். தெய்வம் கண் திறக்கும் என்று ஒவ்வொரு தலமாகச் சென்றார்கள்.

திருப்பதியை அடுத்த காட்டில் இலையும் நீரும் காட்டுப் பழமும் உண்டு பதினோரு நாள் கழித்தார்கள். இனிப் பிழைக்க வழியில்லை என்று தந்தை புனித நீரில் இறங்கி உயிர்விட முடிவு செய்தார். அப்போது மகன் சீனிவாசன், சாதி கௌரவம் பாராமல் கூலி வேலை செய்து எல்லோரையும் காப்பாற்றுவதாகச் சொல்லித் தடுத்தான். ஆனால் தந்தையின் உடல் அதற்குள் ஓய்ந்துவிட்டது.

கண் பார்வை மங்கியிருந்த அந்தக் கிழவர், கடைசி நேரத்தில் இளைய மகளை அருகே அழைத்து இறுக அணைத்துக்கொண்டார். அவளைக் கடவுளிடம் ஒப்படைத்ததாகவும், நேர்மையாக வாழ்ந்து அவருக்கே ஊழியம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சொல் ரமாபாயின் நெஞ்சில் இறுதிவரை நின்றது. தாம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டோம் என்று தேடியதே தம் வாழ்க்கை என்பதுபோல் அவர் பின்னாளில் அதை நினைவு கூர்ந்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் ராய்ச்சூரில் தாயும் படுத்த படுக்கையானார். ஜுர வேகத்தில் அவர் கம்பு ரொட்டி வேண்டும் என்று கேட்டார். ரமாபாய் அண்டை வீட்டுக்குப் போனார். கேட்க நினைத்த சொல் தொண்டையில் நின்றது, கண்ணீர்தான் வந்தது. அந்த வீட்டு அம்மாள் குறிப்பறிந்து கொடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் தாயால் அதை உண்ண முடியவில்லை.

தாயின் உடலைச் சுமக்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. கடைசியில் இரண்டு பிராமணர்கள் இரக்கப்பட்டு வந்தார்கள். தமையன் மூன்றாவது ஆள். நான்காவது ஆளாக ரமாபாயே தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களைவிடக் குள்ளமாக இருந்ததால் அவர் பாடையைத் தலையில் சுமந்து சென்றார். தமக்கை கிருஷ்ணாபாயும் பின்னர் இறந்தார்.

நாலாயிரம் மைல் நடை

அண்ணனும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள். இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். சென்னை ராஜதானி, மத்திய மாகாணம், ராஜபுதனம், பஞ்சாப், வங்காளம், அஸ்ஸாம் என்று சுமார் 4,000 மைல் நடந்ததாக அவர் பின்னாளில் கணக்கிட்டார். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் மணலில் இரண்டு குழி தோண்டி, அதில் இறங்கி, கழுத்துவரை மணலை மூடிக்கொண்டு இரவைப் போக்கினார்கள். சில நாட்கள் வெறும் காட்டுப் பழமே உணவு.

அந்த நடையில் ரமாபாயின் மனத்துக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. பெற்றோர் எந்த விரதத்தையும் விடவில்லை. எந்தத் தானத்தையும் குறைக்கவில்லை. இருந்தும் எந்தக் கதவும் திறக்கவில்லையே என்று அவர் எண்ணினார். பிறந்தது முதல் கொண்டிருந்த நம்பிக்கை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. ஆனால் அதன் இடத்தில் வைக்க வேறொன்றும் அப்போது அவரிடம் இல்லை.

1878-ல் இருவரும் கல்கத்தா சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் பண்டிதர் சபையில் தங்குதடையின்றிச் சமஸ்கிருதம் பேசியது நகரையே வியக்க வைத்தது. அறிஞர்கள் சோதித்துப் பார்த்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் அளித்தார்கள். நேற்றுவரை வயிற்றுக்கு வழியின்றி நடந்தவர் இன்று நாடறிந்தவரானார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென், பெண்கள் படிக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த வேதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

அந்த நகரில்தான் அவர் கிறிஸ்தவர்களின் வழிபாட்டை முதலில் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் அழைக்கப்பட்டிருந்தார்கள். எல்லோரும் தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் முன் மண்டியிட்டுக் கண் மூடியதைக் கண்டு, இவர்கள் நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் போலும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்! சமஸ்கிருத பைபிள் ஒன்றும் அங்கே அவருக்குக் கிடைத்தது. ஆனால் படித்துப் பார்த்ததில் மனம் ஒட்டவில்லை.

மணமும் மரணமும்

1880-ல் டாக்காவில் தமையன் சீனிவாசன் இறந்தார். உடன் நடந்து வந்த கடைசித் துணையும் போயிற்று. அதே ஆண்டில் தமையனின் நண்பரான வங்காள வக்கீல் விபின் பிஹாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். அவர் சூத்திரர் என்று கருதப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். சடங்கு இல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இருவரையும் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

அஸ்ஸாமின் சில்சார் நகரில் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். கணவரின் புத்தக அலமாரியில் ஒரு நாள் லூக்கா சுவிசேஷம் வங்க மொழியில் ஒரு சிறு புத்தகமாக ரமாபாயின் கையில் அகப்பட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆர்வத்தோடு படித்தார். அந்த ஊரில் இருந்த பாப்டிஸ்ட் போதகர் வீட்டுக்கு வந்து விளக்கம் சொன்னார். கணவருக்கு இது பிடிக்கவில்லை. படித்தவர் என்றாலும், தம் மனைவி வெளிப்படையாக மதம் மாறுவதை அவர் விரும்பவில்லை.

1881 ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மனோரமா என்று பெயரிட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லை. 1882 பிப்ரவரி 4-ந் தேதி காலரா கணவரைக் கொண்டு போயிற்று. இரண்டு ஆண்டுகூட நீடிக்காத இல்வாழ்க்கை அதோடு முடிந்தது. இருபத்து மூன்று வயதில், கையில் குழந்தையுடன், ரமாபாய் விதவையானார்.

சமாரியப் பெண்ணின் கதை

புனாவுக்கு வந்த அவரை மகாதேவ கோவிந்த ரானடேயும் அவருடைய துணைவியாரும் ஆதரித்தார்கள். 1882-ல் ஆர்ய மகிளா சமாஜத்தை ரமாபாய் தொடங்கினார். அதே ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குப் பாடம் சொல்லப் பெண் ஆசிரியைகள் வேண்டும். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று அவர் வாதாடியது இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் காதுவரை எட்டியது.

தாமே டாக்டராக வேண்டும் என்ற எண்ணத்துடன் 1883-ல் மகளையும் ஆனந்திபாய் பகத் என்ற தோழியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். வான்டேஜ் என்ற ஊரில் கன்னிமார் மடத்தில் தங்கினார்கள். அங்கே அடுத்த அடி விழுந்தது. மனக் குழப்பத்துக்கு ஆளான தோழி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்நிய நாட்டில் தாய்மொழி பேச இருந்த ஒரே துணையும் போயிற்று. காது கேட்கும் திறனும் குறைந்து வந்ததால் டாக்டர் படிப்பையும் கைவிட வேண்டியதாயிற்று.

ஆனால் அவர் மனத்தைத் திருப்பிய ஒரு காட்சியும் அந்நாட்டில்தான் கிடைத்தது. மடத்தினர் லண்டனை அடுத்த புல்ஹாம் பகுதியில் ஓர் இல்லம் நடத்தி வந்தார்கள். வாழ்க்கையில் வழி தவறியவர்கள் என்று சமூகம் தள்ளிவிட்ட பெண்களுக்கான இல்லம் அது. அங்கே யாரும் அவர்களை வெறுப்போடு பார்க்கவில்லை. நோயாளியைக் கவனிப்பதுபோல் பரிவோடு கவனித்தார்கள். இப்படிப்பட்டவர்களிடம் இரக்கம் காட்டும் வழக்கத்தை ரமாபாய் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை. காரணம் என்ன என்று கேட்டார். ஒரு கன்னியாஸ்திரீ யோவான் சுவிசேஷத்தில் உள்ள சமாரியப் பெண்ணின் கதையைப் படித்துக் காட்டினார். கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த, ஊரார் மதிக்காத ஒரு பெண்ணிடம் இயேசு மரியாதையோடு பேசிய கதை அது.

பட்டினியால் செத்த தாய், சிறு வயதிலேயே மணமாகித் தாலி இழந்து மூலையில் ஒடுங்கிய எத்தனையோ சிறுமிகள், தன் உயிரை மாய்த்துக்கொண்ட தோழி என்று அவர் கண்ட பெண்களின் துயரத்துக்கெல்லாம் இந்த ஒரு கதையில் இடம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. 1883 செப்டம்பர் 29-ந் தேதி மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

இந்தியாவில் அது பெரும் புயலைக் கிளப்பியது. சரஸ்வதி என்று கொண்டாடியவர்களே துரோகி என்றார்கள். அந்த நேரத்திலும் அவருக்கு ஆதரவாக எழுதியவர் ஜோதிபா பூலே. மறுபுறம், மதம் மாறிய பிறகு ரமாபாய் தங்கள் சொற்படி நடப்பார் என்று எதிர்பார்த்த ஆங்கிலேயப் பாதிரிமார்களும் ஏமாந்தார்கள். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அவர் படித்துக்கொண்டே சமஸ்கிருதம் கற்பித்தார். ஆண் மாணவர்களுக்கும் பாடம் சொல்லலாமா என்ற விவாதம் வந்தபோது, அதைத் தாமே முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார். எந்தச் சபையின் முத்திரையையும் அவர் தம்மேல் குத்திக்கொள்ளவில்லை. தம் மனச்சாட்சியை அடகு வைக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். சேலையையும் சைவ உணவையும் அவர் கடைசிவரை விட்டதில்லை.

சாரதா சதன்

1886-ல் அவர் அமெரிக்கா சென்றார். உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் பெறுவதைக் காண்பதற்காகப் போன பயணம் அது. மூன்று ஆண்டுக்கு அருகில் நீண்டது. உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887-ல் வெளிவந்து ஆயிரக்கணக்கில் விற்றது. பாஸ்டன் நகரில் அமைந்த ரமாபாய் சங்கம், பத்து ஆண்டுகளுக்குப் பண உதவி தர உறுதி அளித்தது.

1889 மார்ச் 11-ந் தேதி பம்பாய் சௌபாத்தியில் விதவைப் பெண்களுக்கான சாரதா சதன் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களில் கோதுபாய் என்ற இளம் விதவை ஒருவர். அவரைத்தான் 1893-ல் மகரிஷி கார்வே மறுமணம் செய்துகொண்டார். பெண் கல்விக்காகக் கார்வே செய்த பெரும் பணிக்கு அவர் துணை நின்றார். 1890-ல் சாரதா சதன் புனாவுக்கு மாறியது.

எந்த மதத்தையும் புகட்டுவதில்லை என்பது சதனின் விதி. பெண்கள் தங்கள் ஆசாரப்படி சமைக்கவும் வழிபடவும் ஏற்பாடு இருந்தது. ஆனால் ரமாபாய் காலையில் தம் அறையில் மகளுடன் ஜெபம் செய்யும்போது கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செய்தி வெளியே பரவியது. கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ரானடேயும் ஆர்.ஜி. பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாக்கு மீறப்பட்டதாக எதிரிகள் சொன்னார்கள். தம் அறையில் தாம் வழிபடும் உரிமையை விட முடியாது என்று ரமாபாய் சொன்னார். நல்ல நண்பர்களை இழந்த வருத்தம் இரு தரப்பிலும் இருந்தது.

உள்ளே கிடைத்த அமைதி

இந்தப் புயலை அவர் தாங்கியதற்குக் காரணம், அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவருக்குள் நடந்த மாற்றம். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியும் மனம் நிம்மதி அடையவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. கிறிஸ்தவ மதம் தமக்குக் கிடைத்தது, ஆனால் கிறிஸ்து கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். கொள்கைகளை அலசி ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பண்டிதைக்கு, பாரத்தை இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.

1891-ம் ஆண்டுவாக்கில், பிறர் எழுதிய விசுவாச அனுபவங்களையும் பைபிளையும் மீண்டும் படித்தபோது ஒன்று அவருக்குப் புலப்பட்டது. பெற்றோர் விரதத்தாலும் தானத்தாலும் தெய்வத்தை நெருங்க முயன்றார்கள். தாமும் அறிவாலும் நற்செயலாலும் அதையே செய்து வந்திருக்கிறோம் என்று உணர்ந்தார். தகுதி தேடாமல், இருக்கிற நிலையிலேயே பிள்ளை தகப்பனிடம் போவதுபோல் போகலாம் என்ற எண்ணம் அவருக்கு விடுதலையாக வந்தது. சாகும் தருவாயில் தந்தை தம்மை யாரிடம் ஒப்படைத்தாரோ, அந்தக் கை தம்மை ஒருபோதும் விடவில்லை என்று நம்பினார்.

இழந்தவர்கள் திரும்பி வரவில்லை. காதும் சரியாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருடைய துக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

மீண்டும் பஞ்சம்

1896-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் தொடங்கியது. செய்தியைப் படித்ததும் பழைய காட்சிகள் ரமாபாயின் கண் முன் நின்றன. கையில் பணம் இல்லை. சதனில் இருப்பவர்களைக் காப்பாற்றுவதே பாடு. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. புறப்பட்டுப் போனார்.

அங்கே கஞ்சித் தொட்டிகளையும் ஏழை விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். எலும்பும் தோலுமான சிறுமிகள். பெற்றோரை இழந்து திரிந்த இளம் பெண்களை ஆசை காட்டி அழைத்துப் போகக் காத்திருந்த கயவர்கள். இந்த வயதில், இந்த நிலையில், தாமும் தமையனும் நடந்ததை அவர் மறக்கவில்லை. தமக்குத் தமையன் இருந்தான். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணினார். முந்நூறு பெண்களைக் காப்பாற்றுவது என்று உறுதி செய்து, கூட்டம் கூட்டமாக அனுப்பி வைத்தார்.

அதற்குள் புனாவில் பிளேக் நோய் பரவியது. நகருக்குள் புதிய ஆட்களைச் சேர்க்க அதிகாரிகள் தடை விதித்தார்கள். கேட்காவில் சாரதா சதனின் செலவுக்காக வாங்கிப் பழமரங்கள் வைத்திருந்த நிலம் இருந்தது. அங்கே அவசரக் குடிசைகளும் கூடாரங்களும் போட்டுப் பெண்களைக் குடியேற்றினார். முக்தி என்று பெயர் சூட்டப்பட்ட இல்லம் இப்படித்தான் பிறந்தது.

வந்தவர்கள் சாதுவாக வந்துவிடவில்லை. உடம்பெல்லாம் புண், தலையெல்லாம் பேன். பசியில் பழகிய கைகள் உணவைத் திருடி ஒளித்து வைத்தன. ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். பலர் வந்த சில நாட்களிலேயே இறந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டவும் புண்ணுக்கு மருந்திடவும் முன்வந்தவர்கள், முன்பே சதனில் வளர்ந்த விதவைப் பெண்கள்தாம். ஒரு காலத்தில் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட கைகள் பிறருக்குத் தாயின் கைகளாயின.

1900-ல் குஜராத் பகுதியில் பஞ்சம் வந்தபோது முக்தியின் கதவு மேலும் அகலமாகத் திறந்தது. அங்கே இருந்தவர்களின் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டியது. ராய்ச்சூரில் ஒரு ரொட்டித் துண்டு கேட்க நாவெழாமல் நின்றவர், இப்போது தினமும் ஆயிரத்தைந்நூறு வாய்களுக்கு உணவு தேட வேண்டியவரானார். நன்கொடை வந்த நாளும் உண்டு; வராத நாளும் உண்டு. வராத நாளில் முதலில் ஜெபம், அடுத்து வேலை.

ஒரு சிறு நகரம்

முக்தியில் சும்மா உட்கார்ந்து உண்டவர்கள் யாரும் இல்லை. நெசவு, தையல், பால் பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், தோட்ட வேலை, அச்சுக்கூடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் இருந்தது. கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைக் கற்றார்கள். கூடையும் நாற்காலியும் பின்னினார்கள். இங்கிலாந்தில் புல்ஹாமில் கண்டதை மனத்தில் வைத்து, ஏமாற்றப்பட்டு வந்த பெண்களுக்காகக் கிருபா சதன் என்ற தனி இல்லத்தையும் ரமாபாய் அமைத்தார். சமாரியப் பெண்ணின் கதைக்கு அவர் எழுதிய உரை அந்தக் கட்டடம் எனலாம்.

1905-ல் முக்தியில் பெண்கள் கூட்டமாக அழுது ஜெபித்த எழுச்சி ஒன்று நடந்தது. உலகெங்கும் கிறிஸ்தவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். ரமாபாய் அதை விளம்பரம் ஆக்கவில்லை. மறுநாளும் மாவு அரைக்க வேண்டும், மாடு கறக்க வேண்டும் என்பதை அவர் மறந்ததில்லை.

பதினெட்டு ஆண்டுப் பணி

பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட வேலை பைபிளை மராத்தியில் மொழிபெயர்ப்பது. அப்போது இருந்த மொழிபெயர்ப்பில் கடினமான சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்திருந்தன. கிராமத்துப் பெண்ணுக்கு அது புரியாது என்று அவர் கருதினார். இதற்காக ஹீப்ருவும் கிரேக்கமும் கற்றார். பதினெட்டாயிரம் சமஸ்கிருதச் சுலோகங்களை மனத்தில் வைத்திருந்த பண்டிதை, கம்பு இடிக்கும் பெண்ணுக்குப் புரியும் சொல் எது என்று தேடித் தேடி எழுதினார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. எழுத்துக் கோத்தவர்களும், அச்சிட்டவர்களும், பைண்டு செய்தவர்களும் முக்தியின் பெண்கள். பஞ்சத்திலிருந்து வந்தபோது எழுத்தையே அறியாதவர்கள் அவர்களில் பலர்.

மகள் மனோரமா தாய்க்கு வலது கையாக இருந்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பி, பள்ளியின் பொறுப்பை ஏற்றார். குல்பர்காவிலும் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கி வளர்த்தார். தமக்குப் பின் முக்தியை மகள் நடத்துவார் என்பதே தாயின் எண்ணம். 1919-ல் அரசாங்கம் ரமாபாய்க்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. அப்போது அவருடைய உடல் தளர்ந்திருந்தது.

1921 ஜூலை 24-ந் தேதி மனோரமா மிரஜ் நகரில் காலமானார். வயது நாற்பது. தாய் தமக்கென்று வைத்திருந்த ஒரே உறவும் போயிற்று. சில்சாரில் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்த மகளைத் தாயே வழியனுப்ப நேர்ந்தது. அப்போதும் அவர் வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பின் அச்சுப் படிகள் மேசையில் காத்திருந்தன. அவற்றைத் திருத்தும் பணியைக் கடைசி நாட்கள்வரை செய்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி கேட்காவில் உயிர் நீத்தார். அறுபத்து நான்காவது பிறந்த நாளுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. அந்த மராத்தி பைபிள் 1924-ல் வெளிவந்தது.

1989-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. பதவியும் பட்டமும் தபால் தலையும் பலருக்குக் கிடைத்திருக்கின்றன. ரமாபாயின் சிறப்பு வேறு. துன்பம் வந்தபோது அவர் நம்பிக்கையைத் தேடினார். கிடைத்த ஆறுதலைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. கணவரை இழந்த பெண் விதவைகளுக்கு வீடு கட்டினார். பட்டினி கிடந்த பெண் பஞ்சத்தில் வந்தவர்களுக்கு உலை வைத்தார். தோழியைப் பறிகொடுத்த பெண் ஆதரவற்றவர்களுக்குத் தோழியானார்.

ராய்ச்சூரில் அன்று ரொட்டி கொடுத்த அந்த அண்டை வீட்டு அம்மாளின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. கேளாமலே குறிப்பறிந்து கொடுத்தவர் அவர். கேட்காவில் ரமாபாய் வாழ்நாளெல்லாம் செய்ததும் அதுதான். அடுத்த முறை அந்தச் சிறிய நிலையத்தை ரயில் கடக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு கணம் பார்க்கலாம். பெற்ற தாய்க்குக் கொடுக்க முடியாமல் போன அந்த ஒரு துண்டு ரொட்டியை, ஒரு மகள் ஆயிரம் பேருக்குப் பகிர்ந்து கொடுத்த இடம் அது.